ஊர் குரூப்பில் காய்ச்சல் வதந்தி: அழிப்பதா, பூட்டுவதா, பேசவிடுவதா?

ஐப்பசி மழை நாலு நாள் சேர்ந்தாற்போல் பெய்துவிட்டால் போதும், எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குரூப்களில் காய்ச்சல் பேச்சு தொடங்கிவிடும். கூடவே ஃபார்வர்டுகளும். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கானாடுகாத்தான் என்று சுற்றுவட்டாரத்தில் ஊர் குரூப் நடத்தும் சிலர் போன மழைக்காலத்திலிருந்து என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பது ஒரே கேள்விதான். "பொய்ச் செய்தி வந்தால் டெலிட் பண்ணுவதா, அட்மின் மட்டும் போடுகிற மாதிரி குரூப்பைப் பூட்டிவிடுவதா, இல்லை பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதா?"

நானும் அறுநூறு சொச்சம் பேர் இருக்கிற ஓர் ஊர் குரூப்பின் மூன்று அட்மின்களில் ஒருவன். மூன்றையும் செய்து பார்த்து, மூன்றிலும் வாங்கிக் கட்டிக்கொண்டவன். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இந்த ஊர் குரூப்பின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். உறுப்பினரில் பாதிப் பேர்கூட ஊரில் குடியிருப்பவர்கள் இல்லை. சென்னை, மதுரை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று இருக்கிறார்கள். ஊரில் இருப்பது அவர்களுடைய வீடு. அதுவும் பூட்டிய வீடு. வளவு என்கிற உள்கட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம், ஓரத்தில் மழைத்தண்ணீர் பிடிக்க வைத்த அண்டா, பின்கட்டில் கவிழ்க்க முடியாத உரல். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ திறந்தால் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இதைவிடச் சொகுசான இடம் கிடையாது. சாக்கடையில் அது முட்டையிடாது. தேங்கிய நல்ல தண்ணீர்தான் வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காத்திருக்கும். அடுத்த மழை வந்ததும் பொரிக்கும்.

ஆக, காய்ச்சல் ஊரில். வீட்டுச் சாவி பாதி வெளியூரில். பேச்சு முழுக்க போனில். இங்கே குரூப்பை எப்படி நடத்துகிறோம் என்பது வெறும் நாகரிகப் பிரச்சினை இல்லை.

## எதை வைத்து அளப்பது

எது நல்ல வழி என்று கேட்பதற்கு முன், எதற்கு நல்லது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நான் பார்ப்பது ஐந்து.

ஒன்று, வேகம். பொய் வந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் சரியான செய்தி அதன் பக்கத்திலேயே வந்துவிடுகிறதா? இரவு பதினொரு மணிக்கு வரும் ஃபார்வர்டுக்குக் காலை எட்டு மணிக்குப் பதில் போட்டால், சிங்கப்பூர்க்காரர்கள் அதை இரண்டரை மணி நேரம் முந்தியே எழுந்து, படித்து, அனுப்பியும் முடித்திருப்பார்கள்.

இரண்டு, உண்மையான எச்சரிக்கை அடைபட்டுப் போகிறதா? இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். வடக்குத் தெருவில் மூன்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்ற செய்தி சுகாதார நிலையத்துக்குப் போகும் முன்பே குரூப்புக்கு வந்துவிடும். பொய்யைத் தடுக்கும் வலை இதையும் சேர்த்துப் பிடித்துவிடக் கூடாது.

மூன்று, முகம். நாளைக்குக் கோயிலில், கல்யாண வீட்டில் அந்த மனிதர் முகத்தில் நாம் விழிக்க வேண்டும். நகரத்தில் இருக்கிற குடியிருப்போர் குரூப்பில் இது சின்ன விஷயம். இங்கே பங்காளி உறவே முறிந்துபோகிற விஷயம்.

நான்கு, வெளியே வழிதல். இங்கே அடைத்தால் வேறு எங்கே போகும்?

ஐந்து, அட்மினின் பாடு. சம்பளமில்லாத வேலை. மழைக்காலம் மூன்று மாதம். தூக்கம், பொறுமை, டேட்டா எல்லாம் இதில் சேர்த்தி.

சட்டத்தை ஆறாவதாகச் சேர்க்கச் சொல்வார்கள். பயப்படுகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. மற்றவர் போட்ட பதிவுக்காக, அட்மினாக இருந்த ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லிவிட்டது. கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குரூப் ஒன்றைப் பற்றிய வழக்கு அது. போட்டவர் கதை வேறு. பேரிடர் பற்றிப் பொய்யான எச்சரிக்கையைப் பரப்பிப் பீதி கிளப்பினால் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 54ஆம் பிரிவின் கீழ் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் உண்டு. சிங்கப்பூரில் இருக்கும் நம் ஆட்களுக்கு அந்த நாட்டில் 2019இல் வந்த பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டம் தனி. "அட்மினைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்" என்ற பயத்திலேயே குரூப்பைப் பூட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

## எல்லாப் பொய்யும் ஒன்றல்ல

வழிகளுக்குப் போகும் முன் இதையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் குரூப்பாக இருந்தாலும் வருகிற பொய் மூன்று ரகம்தான்.

முதலாவது, வைத்தியக் குறிப்பு. பப்பாளி இலைச் சாறு, ஆட்டுப்பால், கிவிப் பழம் என்று வரும். இவற்றைக் குடிப்பதில் பெரிய கெடுதல் இல்லை. "இது போதும், ஆஸ்பத்திரி வேண்டாம்" என்ற கடைசி வரிதான் ஆளைக் கொல்லும். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் மிக ஆபத்தான நேரம், பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். உடம்பு குளிர்ந்துவிட்டது, சாறு வேலை செய்துவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடைகிற அந்த நாளில்தான் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு என்று அறிகுறிகள் வரும்.

இரண்டாவது, ஊர் தெரியாத செய்தி. "ஆஸ்பத்திரியில் இடமே இல்லை" என்று அழுகிற குரலில் ஒரு வாய்ஸ் நோட். எந்த ஆஸ்பத்திரி, எந்த வருஷம், யார் குரல், எதுவும் இருக்காது. எங்கள் குரூப்பில் இதன் உள்ளூர் வடிவம் ஒன்று உண்டு. 2020இல் சிங்கப்பூரில் 35 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு வந்தது. அந்த நாட்டுச் செய்திப் படங்கள் வருஷாவருஷம் தேதி இல்லாமல் இங்கே வந்து இறங்கும். பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, நம் ஜில்லாவில் இத்தனை ஆயிரமா என்று கேட்பார்.

மூன்றாவது, விரல் நீட்டுகிற செய்தி. இந்த வீட்டுக்காரர்தான் கொண்டுவந்தார், அந்தத் தெரு ஆட்கள் சுத்தமில்லாதவர்கள் என்பது. இதற்கு ஒப்பீடே தேவையில்லை. பார்த்த நிமிஷமே எடுத்துவிட வேண்டும். 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த ஒரு வயதான அம்மாவை அடித்தே கொன்றார்கள். வதந்தி ஒரு மனிதரைச் சுட்டத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

இனி வருவதெல்லாம் முதல் இரண்டு ரகத்துக்கான யோசனை.

## வழி 1: பார்த்ததும் அழிப்பது

அட்மின் மற்றவர் பதிவை எல்லோருக்குமாக நீக்கும் வசதி 2022இல் வந்தது. வந்த புதிதில் கையில் அதிகாரம் கிடைத்த சந்தோஷம் எனக்கு. ஒரு நாள் எனக்குப் பெரியப்பச்சி (பெரியப்பா) முறை ஆகிற ஒருவர், காய்ச்சல் விட்டுவிட்டால் ஆபத்து விலகியது, இலைச்சாறு மூன்று வேளை போதும் என்று ஒரு படம் போட்டார். அழித்தேன். இரண்டு நொடி வேலை.

அப்புறம்தான் விலை தெரிந்தது. அழித்த இடம் காலியாகப் போவதில்லை. இந்த அட்மின் நீக்கினார் என்று என் பெயரோடு ஒரு வரி அங்கேயே நிற்கும். அறுநூறு பேரும் பார்ப்பார்கள். "என்ன போட்டார், ஏன் எடுத்தான்?" என்று அன்று மாலை முழுக்க அதே பேச்சு. பார்க்காதவர்களும் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். பெரியப்பச்சியோ அதே படத்தை ஆளாளுக்குத் தனித்தனியாக அனுப்பினார். அடுத்த படைப்பில் என்னைப் பார்த்து, "வாங்க அட்மின் சார்" என்றார். சார்! அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் படத்தைத் தனியாக வாங்கிய ஓர் ஆச்சி, காய்ச்சல் விட்டதும் ரத்தப் பரிசோதனைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஐந்தாம் நாள் ஈறில் ரத்தம் வந்த பிறகுதான் காரில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். நான் அழித்ததால் குரூப்பில் பொய் இல்லை. ஆனால் அது பொய் என்று சொல்லும் ஒரு வரியும் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

இதற்கு ஒரு மாற்று இருக்கிறது. பதிவு போட்டவரே, போட்டு ஏறக்குறைய இரண்டரை நாள் வரை எல்லோருக்குமாக நீக்கிக்கொள்ளலாம். அதனால் இப்போது நான் டெலிட் பட்டனைத் தொடுவதற்கு முன் போன் போடுகிறேன். "பெரியப்பச்சி, நீங்க போட்டதுல கடைசி வரி மட்டும் தப்பா இருக்காம். டாக்டர்கிட்ட கேட்டேன். நீங்களே எடுத்துட்டு, சரியானதையும் நீங்களே போட்டுட்டா எல்லாரும் கேப்பாங்க." பத்துக்கு ஏழு பேர் எடுத்துவிடுவார்கள். சரியானதை அவர்களே போடும்போது, நான் போடுவதைவிட மதிப்பு அதிகம்.

அழிப்பது எப்போது சரி: விரல் நீட்டும் செய்தி, நோயாளியின் பெயர், படம், ரிப்போர்ட் வெளியாவது, உயிருக்கு ஆபத்தான மருந்து யோசனை. உடம்புவலிக்கு இந்த மாத்திரை என்று ஆஸ்பிரின், இபுப்ரூஃபன் பெயர்களைப் போடுவதும் இதில் சேர்த்தி. டெங்குவில் இவை ரத்தக்கசிவைக் கூட்டும். அப்போதும் அழித்த கையோடு ஏன் அழித்தேன் என்று ஒரு வரி போட்டாக வேண்டும்.

## வழி 2: குரூப்பைப் பூட்டுவது

அட்மின் மட்டும் பதிவிடலாம் என்ற அமைப்பு 2018லிருந்து இருக்கிறது. கொரோனா நேரத்தில் பாதி ஊர் குரூப்கள் இப்படித்தான் அமைதியாயின. அட்மினுக்கு இதைப்போல் நிம்மதி வேறில்லை. இரவு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கலாம்.

ஒரு மழைக்காலத்தில் நாங்களும் இரண்டு வாரம் பூட்டினோம். பிளேட்லெட் எண்ணிக்கை பற்றி நாளுக்கு நாற்பது ஃபார்வர்டு வந்துகொண்டிருந்தது, தாங்க முடியவில்லை. பூட்டினதும் ஒரே அமைதி. நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம்.

எங்கள் தெருவில் நான்கைந்து பூட்டிய வீடுகளைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். காலையில் போய் விளக்கேற்றி, வாசலைக் கூட்டி, ஒரு படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புவார். அந்த இரண்டு வாரத்தில், தன் பொறுப்பில் இல்லாத பக்கத்து வீட்டு முற்றத்தில் தண்ணீர் முழங்கால் உயரம் நிற்பதை மாடியிலிருந்து பார்த்திருக்கிறார். தாழ்வாரத்துக் குழாயில் சருகு அடைத்துக்கொண்டிருக்கிறது. வழக்கமாக என்றால் படம் எடுத்துக் குரூப்பில் போட்டு, "இந்த வீட்டுச் சாவி யார்ட்ட இருக்கு?" என்று கேட்டிருப்பார். கோலாலம்பூரிலிருந்து அரை மணியில் பதில் வந்திருக்கும். குரூப் பூட்டியிருந்தது. எங்கள் மூன்று பேருக்குத் தனியாக அனுப்ப அவருக்குக் கூச்சம். ஒன்பதாம் நாள் கோயில் வாசலில் என்னைப் பார்த்தபோது, "சொல்லணும்னு நெனச்சேன் தம்பி, குரூப்ல எழுத முடியலையே" என்றார். ஒன்பது நாள். கொசுவுக்கு அது ஒரு தலைமுறை.

கொசு ஒழிப்புப் பணியாளர்கள், கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தோடு தெருத்தெருவாக வந்தார்கள்தான். பூட்டிய கதவுக்கு முன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்?

அதோடு, பூட்டினதால் பிளேட்லெட் பேச்சு நின்றுவிடவில்லை. சித்தப்பா பிள்ளைகள் குரூப், பள்ளிக்கூட பேட்ச் குரூப், பால்காரர் குரூப் என்று எங்கள் கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்கு இடம் பெயர்ந்துவிட்டது. அங்கே திருத்துவதற்கு யாருமில்லை. பூட்டிய வீட்டில்தான் கொசு நிம்மதியாகப் பெருகும் என்பதைத் தெரிந்துகொண்டே நாங்கள் குரூப்பையும் பூட்டியிருக்கிறோம்.

பூட்டுவது எப்போது சரி: சில மணி நேரத்துக்கு. ஒரு மரணம் நடந்து, ஊரே கொதிக்கும்போது. அட்மின்கள் எல்லோரும் பயணத்தில் இருக்கும்போது. இரவு முதல் காலை வரை. எப்போது திறக்கும் என்று நேரம் குறித்துப் பூட்ட வேண்டும்.

## வழி 3: பேசவிட்டுத் திருத்துவது

கேட்க அழகாக இருக்கும். மற்ற இரண்டையும்விட உழைப்பு அதிகம். ஆனால் சில நேரங்களில் இது ஒன்றுதான் வழி.

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி இறந்துபோனார். அந்த வாரம் எந்தக் குரூப்பில் இருந்தவர்களுக்கும் நினைவிருக்கும். இறந்தது உண்மை. ஊசி போட்டது உண்மை. இரண்டையும் முடிச்சுப் போட்டதுதான் பிரச்சினை. எதை அழிப்பது? மரணச் செய்தியையா? பூட்டினால், "பார்த்தீர்களா, மறைக்கிறார்கள்" என்பார்கள். தடுப்பூசிக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் நிபுணர் குழு சொன்னது அக்டோபரில். ஆறு மாதம்! அதுவரை கையில் இருந்தது பேச்சு மட்டும்தான். எங்கள் குரூப்பில் ஓய்வுபெற்ற செவிலியர் ஓர் ஆச்சி இருந்தார். "எனக்கு ஊசி போட்டு இருபது நாளாச்சு, நேத்துக்கூட ரெண்டு படி மாவு ஆட்டினேன்" என்று தன் குரலில் நாற்பது விநாடி பேசிப் போட்டார். அந்த வாரத்தில் அதிகம் வேலை செய்தது அந்த வாய்ஸ் நோட்தான். நான் போட்ட நீளமான விளக்கத்தை நானே திரும்பப் படிக்கவில்லை.

அதிலிருந்து கற்றுக்கொண்ட சில நுணுக்கங்கள். வாய்ஸ் நோட்டாக வந்த பொய்க்கு வாய்ஸ் நோட்டிலேயே பதில் சொல்ல வேண்டும். எழுத்தைப் பெரியவர்கள் தள்ளிவிட்டுப் போகிறார்கள். பொய்ப் படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி போட்டுத் திரும்ப அனுப்பக் கூடாது. குறி போய்ப் படம் மட்டும் மனதில் நிற்கும். சரியானதை முதலில் சொல்லி, தப்பைப் போகிற போக்கில் ஒரு வரியில் தொட்டால் போதும். பாதி உண்மையைப் பாதி உண்மை என்றே ஒத்துக்கொள்ள வேண்டும். 2017இல் டெங்கு கடுமையாக இருந்தபோது, அரசு கொடுத்த நிலவேம்புக் குடிநீரால் மலட்டுத்தன்மை வரும் என்று ஒரு செய்தி ஓடியது. எலிகளிடம் நடந்த ஆய்வு ஒன்றை நீட்டி முழக்கியது அது. அதை மறுக்கப் போனவர்கள் சிலர், நிலவேம்பு குடித்தால் டெங்குவே வராது என்று எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் பதிலாகிவிட்டது. "குடிக்கிறவர் குடியுங்கள், காய்ச்சல் என்றால் ரத்தப் பரிசோதனையும் நீர்ச்சத்தும் டாக்டரும் கட்டாயம்" என்பதுதான் அங்கே சொல்ல வேண்டியது.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், இதற்கு ஒரு ஆள் விழித்திருக்க வேண்டும். அந்த ஆளுக்கு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தடவை சண்டை மூண்டுவிட்டால் இருநூறு பதிவு ஓடி, சரியான தகவல் மேலே எங்கோ புதைந்துவிடும். ஒரு பதிவை மேலே பின் செய்து வைக்கும் வசதி இங்கேதான் கைகொடுக்கிறது.

## வழி 4: முதலில் மூவரிடம் காட்டுவது

காய்ச்சல் பற்றிய ஃபார்வர்டு எதுவானாலும் குரூப்பில் போடுவதற்கு முன் குறிப்பிட்ட மூன்று பேரில் ஒருவருக்கு அனுப்ப வேண்டும். அவர் பார்த்துச் சரி என்றால் போடலாம். எங்கள் மூவர்: அந்தச் செவிலியர் ஆச்சி, காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு தம்பி, பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர்.

இதில் வரும் பெரிய சிக்கல், நல்லவர்கள் மட்டும் அனுப்பிக் கேட்பார்கள். இரவு பத்தரை மணிக்கு ஆவேசமாக ஃபார்வர்டு செய்கிறவர் கேட்கமாட்டார். மூவரில் இருவருக்கு அலுத்துவிடும். இருந்தாலும் ஒரு பலன் கண்டிப்பாக உண்டு. கேட்டுப் பழகியவர்கள் மெல்ல மெல்ல தாங்களே பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள். ஃபார்வர்டின் தலையில் இரட்டை அம்பு இருந்தால், அது ஐந்து கையாவது மாறி வந்தது. நம் ஊர்ச் செய்தியாக இருக்க வாய்ப்பு குறைவு. (எழுத்தை நகலெடுத்து ஒட்டினால் அம்பு வராது. அதையும் சொல்லிக்கொடுத்தோம்.) இப்படி அதிகம் கை மாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப்பே கட்டுப்பாடு போட்டது. அதற்கு முன் 2018இல் இந்தியாவில் ஐந்து இடம் என்று குறைத்தது. இருந்தும், ஒவ்வொன்றாக உட்கார்ந்து அனுப்புகிற பொறுமைசாலிகளை நம் ஊரில் யாராலும் தடுக்க முடியாது.

முந்நூறு பேருக்குக் கீழே, ஒருவரையொருவர் தெரிந்த குரூப்புக்கு இது பொருந்தும். ஆயிரத்தைத் தொடும் குரூப்பில் நடக்காது.

## வழி 5: அறிவிப்புக்குத் தனிக் குரூப், பேச்சுக்குப் பழைய குரூப்

காய்ச்சல் சம்பந்தமான உறுதியான தகவல் மட்டும் வருகிற, அட்மின் மட்டும் எழுதுகிற ஒரு புதுக் குரூப். பழையது திறந்தே இருக்கும். யாராவது பழையதில் குழப்பினால், அங்கிருந்து இங்கே கை காட்டினால் போதும்.

நாள் ஒன்றுக்கு ஒரு பதிவுக்கு மேல் போகக் கூடாது. போனால் அதையும் மியூட் செய்துவிடுவார்கள். தவறு இங்கே நேர்ந்தால் விலை அதிகம். பழைய குரூப்பில் பத்தோடு பதினொன்றாகப் போகும். இங்கே வந்தால் அதிகாரப்பூர்வம் ஆகிவிடும். எங்களுக்கே ஒரு தடவை புகைமருந்து அடிக்கிற நாளைத் தப்பாகப் போட்டு, இரண்டு தெரு ஆட்கள் பாத்திரம் பண்டமெல்லாம் மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். இன்னொரு குறை, சேரச் சொன்னால் முந்நூறு பேர்தான் சேருவார்கள். எல்லாவற்றையும் ஃபார்வர்டு செய்கிறவர் கடைசி வரை சேரமாட்டார்.

போனே இல்லாதவர்கள் ஒரு பக்கம் இருக்கிறார்கள். கோயில் வாசல் கரும்பலகையும் மைக் கட்டிய ஆட்டோவும் அவர்களுக்கு. இதை நான் ஒரு வழியாக எண்ணவில்லை. எந்த வழியானாலும் கூடவே செய்ய வேண்டியது.

## ஒரே பார்வையில்

| வழி | வேகம் | உள்ளூர் எச்சரிக்கை வருமா | முகச் சங்கடம் | வெளியே வழிவது | அட்மின் பாடு |
|---|---|---|---|---|---|
| அழிப்பது | மிக வேகம் | வரும், ஆனால் பயந்து குறையும் | மிக அதிகம் | அதிகம் | குறைவு. பின்விளைவு அதிகம் |
| பூட்டுவது | உடனடி | வராது | பொதுவாக எல்லோருக்கும் கொஞ்சம் | மிக அதிகம் | மிகக் குறைவு |
| பேசவிட்டுத் திருத்துவது | ஆள் விழித்திருந்தால் வேகம் | நன்றாக வரும் | சொல்கிற விதத்தைப் பொறுத்தது | குறைவு | மிக அதிகம் |
| மூவரிடம் காட்டுவது | தாமதம் | வரும் | குறைவு | நடுத்தரம் | மூவருக்கும் அலுப்பு |
| தனி அறிவிப்புக் குரூப் | நாளுக்கு ஒன்று | பழைய குரூப்பில் வரும் | இல்லை | குறைவு | நடுத்தரம் |

## நான் எதைச் செய்கிறேன்

எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. சொந்தபந்தம் மட்டும் இருக்கிற முப்பது, நாற்பது பேர் குரூப்பில் எந்த அமைப்பையும் தொடாதீர்கள். ஒரு போன் போதும். வெளியூர் ஆட்கள் மட்டும் இருக்கிற சங்கக் குரூப் என்றால், மழைக்காலத்தில் பூட்டினால்கூடப் பெரிய நஷ்டமில்லை. அங்கிருந்து உள்ளூர் எச்சரிக்கை எதுவும் வரப்போவதில்லை. ஊர் ஆட்களும் வெளியூர்க்காரர்களும் கலந்த எங்களைப் போன்ற குரூப்புக்கு, பூட்டுவதைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொண்டு, ஐந்தாவது வழியோடு மூன்றாவதைச் சேர்ப்பதுதான் எனக்குச் சரியாகப்படுகிறது. ஒரே அட்மின் இருக்கிற குரூப் இதைத் தொடவே வேண்டாம். முதலில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். எங்கள் ஊரில் யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று முதலில் தெரிவது ஆச்சிமார்களுக்குத்தான்.

புரட்டாசி கடைசியிலிருந்து மார்கழி வரை எங்கள் ஏற்பாடு இதுதான். பழைய குரூப் காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை திறந்திருக்கும். ஊர்க் காய்ச்சல் செய்தி போடுகிறவர் தெரு, தேதி, தனக்கு எப்படித் தெரியும் என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். நோயாளியின் பெயர் வேண்டாம். இந்த மூன்றும் இல்லாத ஃபார்வர்டுக்கு முதலில் போன், அப்புறம் திருத்தம், கடைசியில்தான் டெலிட். மேலே பின் செய்து வைத்திருப்பது ஒரே ஒரு பதிவு:

"காய்ச்சல் என்றால் முதல் நாளே டாக்டரிடம் போங்கள். மருந்துக்கடையில் நீங்களே வலி மாத்திரை வாங்க வேண்டாம். காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு நாள் கூடுதல் கவனம். வயிற்றுவலி, தொடர் வாந்தி, ரத்தக்கசிவு, கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. சந்தேகம் கேட்க 104. ஆம்புலன்ஸ் 108. முற்றம், அண்டா, உரல், பூந்தொட்டித் தட்டு: வாரம் ஒரு முறை கொட்டி, தேய்த்துக் கழுவவும்."

இதோடு சாவிப் பட்டியல் ஒன்றும் உண்டு. எந்தப் பூட்டிய வீட்டுச் சாவி ஊரில் யாரிடம் இருக்கிறது என்று வீட்டுக்காரரே தனியாகச் சொல்லி, அட்மின் மூவரிடம் மட்டும் இருக்கிற நோட்டு அது. குரூப்பில் போட்டால் திருடனுக்கு வழி சொன்னதாகிவிடும். முற்றத்தில் தண்ணீர் நிற்கிறது என்று யாராவது படம் போட்டால், நாங்கள் நோட்டைப் பார்த்து ஆளை அனுப்புவோம். வீடு பார்த்துக்கொள்கிற அந்த அண்ணனுக்கு இப்போது கூச்சம் போய்விட்டது. மாடியில் நின்று நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார். போன வாரம் பெரியப்பச்சியும் தன் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தானாகவே சொல்லி அனுப்பினார். இன்னும் பதினோரு வீடு பாக்கி. அதில் நாலு வீட்டுக்கு கோலாலம்பூரில் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.